இரண்டு பேர் குடும்பம்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் பக்கங்களில் பிள்ளை வளர்க்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். மார்ச், ஏப்ரல் மாதச் சனிக்கிழமைகளில் நூலகத்துப் பின்னறையில் மடக்கு மேசை போட்டு, வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் வரிக்கணக்கு நிரப்பிக் கொடுக்கும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. மரக்கறிக்கடைப் பைக்குள் ரி4 என்ற சம்பளத் தாள்கள், வாடகைத் துண்டுகள், பிரித்தே பார்க்காத அரசாங்கக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்துக்கொண்டு வருவீர்கள். கதிரையில் இருந்ததும் வாயில் வரும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, எங்களுக்கு எவ்வளவு சைல்ட் டக்ஸ் வரும்?"

நான் திருப்பிக் கேட்பது: "உங்கட குடும்ப வருமானம் எவ்வளவு?"

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தங்கச்சி விரல் மடக்கி எண்ணினார். மனுசனின் சம்பளம், மாமியின் முதியோர் பென்சன், பேஸ்மென்டில் இருக்கும் மச்சான் ட்ரக் ஓடிக் கொண்டுவரும் காசு, பல்கலைக்கழகம் போகும் மூத்தவனின் பகுதிநேர வேலை. எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, "எங்களுக்கு ஒண்டும் வராதாக்கும்" என்று தீர்ப்பையும் தானே சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் வந்த இன்னொருவர் இதற்கு நேர்மாறு. "நானும் பிள்ளையும் மட்டும்தானே அக்கா. மனுசன் யாழ்ப்பாணத்தில. ஸ்பொன்சர் அலுவல் இன்னும் முடியேல்ல. அவற்றை சம்பளம் இதுக்குள்ள எப்பிடி வரும்?" (ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். யாரும் தங்களை இதற்குள் தேட வேண்டாம்.)

முதலாமவர் சேர்க்கத் தேவையில்லாத மூன்று பேரைச் சேர்த்தார். இரண்டாமவர் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒருவரை விட்டார். இருவரையும் மாட்டிவைத்தது ஒரே சொல், 'குடும்பம்'. நமக்குக் குடும்பம் என்றால் அம்மம்மாவில் தொடங்கி, ஊரில் கலியாணத்துக்கு நிற்கும் தங்கச்சிவரை நீளும். இந்தக் காசைக் கணக்குப் பார்க்கும் கனடா வருமானத்துறைக்கு, நாங்கள் சி.ஆர்.ஏ. என்று சொல்வதற்கு, குடும்பம் என்றால் இரண்டே பேர். பிள்ளையைப் பார்க்கும் பெற்றோர் ஒருவர். அவருடைய கணவன், மனைவி அல்லது கூடி வாழும் துணை இன்னொருவர். அவ்வளவுதான். மாமி சேர்த்தியில்லை, மச்சான் சேர்த்தியில்லை, உழைக்கும் மகனும் சேர்த்தியில்லை. ஒரே கூரை, ஒரே சட்டி என்பதெல்லாம் அந்தத் தாளில் ஏறாது. ஆனால் அந்த இரண்டாவது ஆள் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் ஏறுவார்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது இந்த ஒரு விஷயம்தான். இனிச் சொல்லப்போவதெல்லாம் இதற்குள்ளிருந்து வருகிறவை.

பெயரை முதலில் தீர்த்துவிடுவோம். நாங்கள் 'சைல்ட் டக்ஸ்' என்பதும் வெள்ளைக்காரச் சனம் இன்னமும் 'பேபி போனஸ்' என்பதும் ஒரே காசைத்தான். போனஸ் என்ற பேச்சு பழையது. 1945 ஜூலையில் கனடா அரசாங்கம் பிள்ளை உள்ள வீடுகளுக்கெல்லாம் மாதப் படி அனுப்பத் தொடங்கியது. பணக்காரர், ஏழை என்று அப்போது பார்க்கவில்லை. 1993இல் அந்தப் படியை எடுத்துவிட்டு, வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் 'சைல்ட் டக்ஸ் பெனிபிட்' வந்தது. எங்கள் சனம் கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய காலம் அது. அப்போது காதில் விழுந்த பெயர் அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. 2016 ஜூலையில் அதையும், 2006இலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரேயளவாகக் கொடுத்துவந்த மாதக் காசையும் சேர்த்து, 'கனடா சைல்ட் பெனிபிட்' என்று ஒன்றாக்கினார்கள். இந்தக் காசுக்கு வரி இல்லை. பெயரில்தான் இன்னும் எங்கள் வாயில் வரி இருக்கிறது.

இப்போது அந்த எண். உங்கள் வரிக்கணக்கில் 23600 என்று ஒரு வரி இருக்கும். நிகர வருமானம். உங்களுடைய 23600, துணையுடைய 23600, இரண்டையும் கூட்டினால் வருவதுதான் குடும்ப வருமானம். சின்னச் சின்னத் திருத்தங்கள் உண்டு, அவை நம்மில் மிகச் சிலரைத்தான் தொடும். வரி கட்டுவது இந்த நாட்டில் தனித்தனி. சைல்ட் டக்ஸோ சோடி. இதைப் புரிந்துகொள்ளாமல்தான், "அவருக்குத்தானே வேலை, நான் ஏன் பைல் பண்ண வேணும்?" என்று அரைவாசித் தாய்மார் கேட்கிறார்கள். ஏனென்றால் ஒரு காலில் நடக்க முடியாது, தங்கச்சி. உங்களுக்கு வருமானம் பூச்சியம் என்றால் பூச்சியம் என்று எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 30க்குள் இருவரும் கொடுக்காவிட்டால் ஜூலையில் காசு நின்றுபோகும் ஆபத்து உண்டு. ட்ரக், டாக்ஸி என்று சொந்தமாகத் தொழில் செய்யும் தம்பிமாருக்கு ஜூன் 15 வரை தவணை உண்டுதான். அதை நம்பி இழுத்தடித்தால் மனைவியின் ஜூலைக் காசு உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

லண்டனில் இருக்கும் என் மச்சாளோடு இதைக் கதைத்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. அங்கே கணக்கு வேறு. சோடியில் கூட உழைக்கும் ஒருவரை மட்டும் பார்க்கிறார்கள். 2024 ஏப்ரலிலிருந்து அவருடைய வருமானம் 60,000 பவுணைத் தாண்டினால் பிள்ளைக் காசில் ஒரு பங்கை வரியாகத் திருப்பி எடுக்கத் தொடங்கி, 80,000இல் முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். ஆளுக்கு 55,000 உழைக்கும் சோடிக்கு ஒரு சதமும் போகாது. ஒருவர் மட்டும் 80,000 உழைத்து மற்றவர் வீட்டோடு இருந்தால் முழுவதும் போய்விடும். எங்கள் முறையில் அந்த அநியாயம் இல்லை. ஆளுக்கு 40,000 என்றாலும் ஒருவருக்கே 80,000 என்றாலும் பிள்ளைக்கு வருவது ஒன்றுதான்.

எவ்வளவு வரும் என்பதற்கு வருகிறேன். 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூன் வரைக்கும் ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டொலர். ஆறிலிருந்து பதினேழு வரை 6,748. குடும்ப வருமானம் 37,487 டொலருக்குள் இருந்தால் இது முழுதாகக் கிடைக்கும். அதற்கு மேல் போகப் போகத் தேயும். ஒரு பிள்ளை என்றால் மேலதிகமாக வரும் ஒவ்வொரு நூறு டொலருக்கும் 7 டொலர் குறையும், இரண்டு பிள்ளை என்றால் 13.50. வருமானம் 81,222ஐத் தாண்டியபின் தேய்வு மெதுவாகிறது. ஒரு பிள்ளைக்கு நூற்றுக்கு 3.20, இரண்டுக்கு 5.70. கோடுகள் வருடா வருடம் விலைவாசியோடு கொஞ்சம் நகரும்.

'தேயும்' என்ற சொல்லைத் தெரிந்துதான் போட்டேன். எங்கள் ஆட்கள் சொல்வது 'வெட்டு'. "அறுபதைத் தாண்டினா வெட்டிப்போடுவான்", "ஆறு இலக்கத்தில சம்பளம் வந்தா ஒரு சதமும் இல்லை" என்று கோயில் அன்னதானப் பந்தியிலும் பிறந்தநாள் ஹோலிலும் ஆளுக்காள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதில் மதில் எங்கேயும் இல்லை. பூங்காவில் பிள்ளைகள் ஏறிச் சறுக்குவார்களே, அதுபோல ஒரு சரிவுதான் இருக்கிறது. நாலு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளை இரண்டு உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வருமானம் 72,000 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,085 டொலர், மாதம் 840. வருமானம் ஒரு லட்சம் டொலர் என்றாலும் ஆண்டுக்கு 7,770 டொலர் வரும், மாதம் 647. ஒன்றுமில்லாமல் போக வேண்டுமென்றால் அந்த வீட்டில் இருவருமாக 236,000 டொலர் அளவில் உழைக்க வேண்டும். அப்படி உழைப்பவர்கள் என் மடக்கு மேசைக்கு வருவதில்லை.

இந்த 'வெட்டு'ப் பேச்சுக்குப் பயந்து நடக்கும் காரியங்கள்தான் என்னை வருத்துகின்றன. தம்பிமார் ஓவர்டைம் வேண்டாம் என்கிறார்கள். மேலே சொன்ன அதே வீட்டில் கணவன் ஓவர்டைம் செய்து 5,000 டொலர் கூடுதலாக எடுத்தால் சைல்ட் டக்ஸ் 675 டொலர் குறையும். மாதம் 56 டொலர். வருமான வரி, சி.பி.பி. என்ற ஓய்வூதியப் பிடிப்பு, ஈ.ஐ. என்ற வேலைக் காப்புறுதி என்று மற்றவையும் கடித்துக்கொண்டு போகும், உண்மைதான். எல்லாம் போனாலும் அரைவாசிக்கு மேல் கையில் மிஞ்சும். உடம்பு ஏலாது, பிள்ளைகளோடு இருக்க நேரம் வேண்டும் என்று ஓவர்டைமை மறுத்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். பேபி போனஸ் போய்விடும் என்று மறுப்பதுதான் கணக்குத் தெரியாத காரியம்.

இதைவிடப் பெரிது மனைவியை வேலைக்குப் போகாமல் மறிப்பது. "நீ வேலைக்குப் போனா அந்தக் காசு நிண்டிடும், பேந்து என்ன லாபம்?" இந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அதே 72,000 டொலர் வீட்டில் தங்கச்சி பகுதிநேரமாகப் போய் ஆண்டுக்கு 20,000 உழைத்தால் சைல்ட் டக்ஸ் எவ்வளவு குறையும் என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஏறத்தாழ 1,860 டொலர். இருபதாயிரத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்? மனைவிக்கு வருமானம் இல்லை என்பதால் கணவனின் வரியில் கிடைத்துவந்த கழிவும் குறையும், டேகேர் செலவும் வரும். அவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். வாய்க்கணக்கை நம்பிப் பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் வேலை அனுபவம் இல்லை என்று அழுத பெண்களை எனக்குத் தெரியும்.

எல்லா இடத்திலும் சரிவு ஒரேயளவு மெதுவானது என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது, ஐம்பதாயிரம் வருமானத்தில் இருக்கும் வீடுகளில்தான் அது செங்குத்து. கனடாக் காசோடு சேர்ந்து வரும் ஒன்ராறியோவின் பிள்ளைக் காசும், விற்பனை வரிக்கு ஈடாக வரும் ஜி.எஸ்.ரி. காசும் அந்த இடத்தில்தான் கூடவே தேய்கின்றன. ஒரு கை கொடுக்கும்போது மூன்று கைகள் பின்னுக்கு இழுப்பதுபோல. அதைச் சட்டம் போடுகிறவர்கள் பார்க்க வேண்டும். எண்பதாயிரத்துக்கு மேல் உள்ளவருக்கு நூற்றுக்கு 5.70 குறைத்து, அதற்குக் கீழே உள்ளவருக்கு 13.50 குறைப்பது என்ன நியாயம் என்று உங்கள் எம்.பி. பொங்கல் விழா மேடைக்கு வரும்போது கேளுங்கள். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் கேட்டால் பதில் சொல்லாமல் இறங்க முடியாது.

அந்த 23600இல் எதெல்லாம் ஏறும் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஏறாது என்று நீங்கள் நினைப்பவை பல ஏறும். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு வரும் காசு, செலவு போக மிச்சம், ஏறும். பிரசவ விடுப்புக் காலத்து ஈ.ஐ. ஏறும். தொழிற்சாலையில் முதுகை முறித்துக்கொண்டு வாங்கும் நட்டஈட்டுக் காசுக்கும் வெல்பெயர் காசுக்கும் வரி இல்லை, ஆனால் இந்தக் கணக்கில் அவையும் ஏறும். கொக்குவிலில் அப்பா எழுதித் தந்த வளவை விற்றால் கிடைக்கும் இலாபத்தில் ஒரு பங்கு ஏறும். அடுத்த ஜூலையில் காசு ஏன் விழுந்தது என்று அப்போது என்னிடம் ஓடி வராதீர்கள்.

அதேபோல, குறையும் என்று நினைப்பவை பல குறையாது. வீட்டுக் கடனுக்குக் கட்டும் வட்டி குறையாது. கட்டிய வாடகை குறையாது. சீட்டுக்காசு குறையாது. ஊருக்கு அனுப்பும் காசும் குறையாது. மாதா மாதம் அம்மாவுக்கு மருந்து, தங்கச்சிக்குக் கம்பஸ் செலவு, அண்ணாவின் பிள்ளைகளுக்கு ரியூசன் என்று சம்பளத்தில் கால்வாசி போகும் வீடுகள் எத்தனை! ஒரு தம்பி இதற்கெல்லாம் மணி டிரான்ஸ்பர் ரசீதை வருடம் முழுக்க ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சி.ஆர்.ஏ.யின் கண்ணில் அந்தத் தம்பி நான்கு பேர் சாப்பிடும் வீட்டுக்காரன். உண்மையில் அவன் சம்பளத்தில் பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள். 'இரண்டு பேர் குடும்பம்' என்ற கணக்கு எங்களுக்கு நன்மையாக விழும் இடமும் உண்டு, மாமியின் பென்சனைப் போல. தீமையாக விழும் இடம் இது.

உண்மையிலேயே குறைப்பவை எவை என்றால், ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் போடும் காசு, யூனியன் சந்தா, பிள்ளையைப் பார்க்கக் கொடுத்த காசு. 72,000 டொலர் வீடு 5,000ஐ ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போட்டால் வரியில் திரும்பி வருவதோடு, அடுத்த ஜூலையிலிருந்து ஒரு வருடத்தில் 675 டொலர் சைல்ட் டக்ஸாகக் கூட வரும். ரி.எப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்பில் போட்டால் இந்தக் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. ஆர்.ஆர்.எஸ்.பி.யை அவசரத்துக்கு உடைத்தால் அது வருமானமாகவே ஏறி, கொடுத்ததைத் திருப்பி வாங்கிவிடும். மாதக் கடைசியில் நூறு டொலர் மிஞ்சாத வீட்டுக்கு இதைச் சொல்வது பசித்தவனுக்குப் பஞ்சாங்கம் வாசிப்பது மாதிரி என்று எனக்குத் தெரியும். மிஞ்சுகிறவர்களுக்காகச் சொன்னேன்.

பிள்ளை பார்க்கும் செலவு மட்டும் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். அதைத்தான் சும்மா விட்டுவிடுகிறீர்கள். ஏழு வயதுக்குக் கீழான பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரை கழிக்கலாம், ஏழிலிருந்து பதினாறு வரை 5,000. பொதுவாகச் சோடியில் குறைய உழைப்பவர்தான் கழிக்க வேண்டும். பக்கத்து அபார்ட்மென்ட் அக்காவிடம் விட்டுவிட்டு மாதம் மாதம் கையில் காசு கொடுப்பீர்கள். ரசீது கேட்டால் அவ முகத்தைத் தூக்குவா என்று பயம். அவ ரசீது தந்தால் அந்தக் காசை அவ தன் வருமானத்தில் காட்ட வேண்டும், கோபம் அங்கேயிருந்துதான் வருகிறது. அதைத் தொடக்கத்திலேயே பேசித் தீர்ப்பது உங்கள் கெட்டித்தனம்.

இனிக் கொஞ்சம் கசப்பான பேச்சு.

கடுதாசியில் மட்டும் பிரிந்திருக்கும் சோடிகள். உங்களுக்கே தெரியும் யாரைச் சொல்கிறேன் என்று. கணவன் 54,000, மனைவி 18,000 உழைக்கும் வீடு. சோடி என்று காட்டினால் 10,085 டொலர். பிரிந்துவிட்டோம், பிள்ளைகள் தாயோடு என்று காட்டினால் தாயின் 18,000ஐ மட்டும் பார்த்து முழுக் காசு, 14,745. வித்தியாசம் ஆண்டுக்கு 4,660. இந்த யோசனையைக் காசுக்கு விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் உங்கள் தாளில் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். சட்டத்தில் பிரிவு என்றால் உறவு முறிந்து, குறைந்தது தொண்ணூறு நாள் தனித்தனியாக வாழ வேண்டும். வேலைக்காகக் கணவன் அல்பேர்ட்டாவில் நிற்பது பிரிவு இல்லை. கலியாணம் எழுதாமல் கூடி வாழ்ந்தாலும் பன்னிரண்டு மாதம் போனதும் சோடிதான். இருவருக்கும் பொதுவாகப் பிள்ளை இருந்தால் அந்தப் பன்னிரண்டு மாதமும் தேவையில்லை. விலாசம், வங்கிக் கணக்கு, கார் காப்புறுதி, பள்ளிக்கூடப் பதிவு என்று எங்கே தட்டினாலும் உண்மை வெளியில் வரும். வந்தால் அத்தனை வருடக் காசையும் ஒன்றாகத் திருப்பிக் கேட்பார்கள். அதன்பிறகு உண்மையாகவே பிரிந்துபோன சோடிகளையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் கோபம் சி.ஆர்.ஏ.யை ஏமாற்றுவதைப் பற்றியது மட்டுமல்ல. அந்தப் பொய்க்குப் பணம் கட்டுகிறவள், உண்மையில் அடிபட்டு, பிள்ளைகளோடு வெளியேறி வந்த பெண். "நீ பிரிந்திருப்பதற்கு ஆதாரம் காட்டு" என்று அவளிடம் கேட்கிறார்கள். வாடகை ஒப்பந்தம், மின்சார பில், அவளைத் தெரிந்த ஆட்களின் கடிதம். அவள் கோயில் ஐயரிடம் போவாள், பிள்ளையின் தமிழ் வகுப்பு ஆசிரியரிடம் போவாள், முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் போவாள். "எங்களுக்கு ஏன் பிள்ளை வம்பு, அவையின்ட குடும்பப் பிரச்சினை" என்று கதவைச் சாத்துகிறோம். இப்போது அவளுடைய குடும்பத்தில் இரண்டு பேர்கூட இல்லை, அவள் ஒருத்திதான். அவளைத் தெரிந்தவர்கள் "இவர் இந்த விலாசத்தில் இத்தனையாம் திகதியிலிருந்து பிள்ளைகளோடு தனியாக இருக்கிறார்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். யார் மேலும் குற்றம் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண்ணின் மூன்று மாத வாடகை அந்த இரண்டு வரியில் தொங்கிக்கொண்டு நிற்கலாம்.

ஊரில் இருக்கும் கணவனுக்குத் திரும்பி வருகிறேன். இணுவிலில் தாலி கட்டிய நாளிலிருந்து நீங்கள் சி.ஆர்.ஏ.க்கு மணமானவர். கணவன் இன்னும் வந்திறங்கவில்லை என்பது காரணமாகாது. வெளிநாட்டில் இருக்கும் துணையின் வருமானத்தைக் கனடா டொலரில் சொல்வதற்கென்று ஒரு படிவமே இருக்கிறது, வருடா வருடம் கொடுக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. ரூபாய்ச் சம்பளத்தை டொலருக்கு மாற்றினால் பெரும்பாலும் காசு பெரிதாகக் குறையாது. சொல்லாமல் விட்டு, பிறகு ஸ்பொன்சர் தாளில் ஒரு திகதியும் வரித் தாளில் வேறொன்றும் நின்றால்தான் வில்லங்கம். குடும்பமாகப் புதிதாக வந்தவர்களும் வருவதற்கு முந்திய வருமானத்தைச் சொல்ல வேண்டும். கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். ஒன்றும் இல்லை என்றால் பூச்சியம் போடுங்கள். வெறுமையான கட்டத்துக்காகவே மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்த விண்ணப்பங்களைக் கண்டிருக்கிறேன்.

வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாசலிலேயே மறிக்கப்படும் ஆட்களும் இருக்கிறார்கள். பி.ஆர். என்ற நிரந்தர வதிவிடம், குடியுரிமை, ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதி என்றால் பிரச்சினை இல்லை. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வேலை அனுமதி, படிப்பு அனுமதி என்று வந்தவர்கள் பதினெட்டு மாதம் இங்கே இருந்து, பத்தொன்பதாவது மாதத்திலும் செல்லுபடியான அனுமதி வைத்திருந்தால் கேட்கலாம். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருப்பவர்களுக்குத்தான் இல்லை. பிள்ளை இங்கே ஸ்காபரோவில் பிறந்து கனடாக் குடியுரிமையோடு இருந்தாலும், பார்ப்பது பெற்றோரின் தாளைத்தான். அந்தக் குழந்தையின் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து "இவன் கனடியன்தானே அக்கா" என்று கேட்கும் தகப்பனுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. கோரிக்கை ஏற்கப்பட்ட கடிதம் கைக்கு வந்தால் மறுநாளே விண்ணப்பியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அதைத் தள்ளிப்போட்டு மாதங்களை வீணாக்கியவர்கள் உண்டு.

காசு எவர் பெயரில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் இருந்தால், பிள்ளையை முதன்மையாகப் பார்ப்பவர் தாய் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே காசு தாயின் பெயருக்கு வரும். இது தானாக வந்த ஏற்பாடும் அல்ல. 1945இல் கியூபெக்கில் காசோலையைத் தகப்பன் பெயருக்கு அனுப்பத்தான் ஏற்பாடு நடந்தது. தெரேஸ் காஸ்கிரான் என்ற அம்மையார் அதற்கு எதிராகக் குரல் எழுப்பித்தான் தாய்மாருக்கு மாறியது. எண்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் தங்கச்சிமார் என்ன செய்கிறார்கள்? பெயர் உங்களுடையது, போய் விழும் வங்கிக் கணக்கு அவருடையது. "அவர்தான் எல்லாம் பாக்கிறவர்" என்கிறீர்கள். பார்க்கட்டும். உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து அதிலே விழவிட்டு, அங்கிருந்து அரிசிக்கும் வாடகைக்கும் கொடுங்கள். கையில் சம்பளம் இல்லாத பெண்ணுக்கு மாதம் 20ஆம் திகதியை ஒட்டி வரும் அந்தக் காசு, தன் பெயர் அச்சடித்த ஒரே வரவாக இருக்கலாம்.

ஜூலையில் வரும் கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் எந்த வருட வருமானத்தைப் பார்த்தார்கள் என்று போட்டிருக்கும். 2025 ஜூலைக் காசுக்குப் பார்த்தது 2024 வருமானம். அதனால்தான் செப்டெம்பரில் வேலை போன தம்பி, "இப்ப வருமானம் இல்லை, காசைக் கூட்டச் சொல்லுங்கோ" என்று கேட்டால் கூட்ட மாட்டார்கள். அடுத்த ஜூலைவரை பழைய சம்பளத்தின் நிழலில் இருக்க வேண்டியதுதான். கலியாணம், பிரிவு, துணையின் மரணம் போன்றவற்றுக்கு மட்டும் உடனே கணக்கு மாறும். மறக்காமல் அடுத்த மாத முடிவுக்குள் அறிவிக்க வேண்டும். பிள்ளை ஆறாவது கேக் வெட்டினால் அடுத்த மாதம் காசு கொஞ்சம் இறங்கும், அதற்கும் சி.ஆர்.ஏ.யைத் திட்டிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் முதல் சனிக்கிழமை மேசை போடுவோம். காலை பத்து மணிக்கு. ரி4, வாடகை ஒப்பந்தம், டேகேர் ரசீது, போன வருட அசெஸ்மென்ட் கடிதம், பிரிக்காமல் வைத்திருக்கும் உறைகள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். தொழில் கணக்கு உள்ளவர்களுக்கு எங்களால் செய்ய முடியாது, கணக்காளரிடம்தான் போக வேண்டும். மாமியையும் மச்சானையும் கூட்டிவரத் தேவையில்லை, கதிரையும் காணாது. கணவன் மனைவி இரண்டு பேருமாக வாருங்கள். ஒருவர் மட்டும் வந்தால் "மற்ற ஆள் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன், கோபிக்கக் கூடாது.

இப்படிக்கு,
நூலகத்துப் பின்னறை, இரண்டாவது மேசை அக்கா